முப்பது எண்ணுற வரைக்கும்

— இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு... பிடிச்சுக்கங்க, செந்தாமரைக்கா. என் கையைப் பிடிச்சுக்கங்க.

— போச்சு, வானதி டீச்சரு. இன்னிக்கும் ரெண்டு எண்ணுல போச்சு. ஒத்தக்கால்ல நிக்கக் கொக்காப் பொறந்திருக்கணும்.

— உக்காருங்க. மத்தவங்க எல்லாம் கிளம்பிட்டாங்க, அவசரமில்ல. நோட்டுல எழுதிடறேன்.

— நோட்டு கெடக்கு, கைய விட்டுறாத. இன்னும் கிறுகிறுங்குது.

— விடல. ஒரு கையால எழுதிக்கறேன். திங்கள் இருபத்தெட்டு. புதன் இருபத்தொம்போது. இன்னிக்கு இருபத்தெட்டு.

— போன மாசம் நெல்லு நனைஞ்சுதே, அன்னிக்கு எவ்வளவு? ரோட்டுல காயப்போட்டதுக்கு ஓடி ஓடிப் படுதா போட்டாங்க. ஜன்னல் வழியா அதையே பாத்துக்கிட்டு நின்னேனே.

— அன்னிக்கு... இருபத்தாறு.

— அவ்வளவுதானா? கூட நின்ன மாதிரி இருந்துச்சு. நீ எண்ணுன சத்தம்கூடக் கேக்கல.

— மழைச் சத்தம்க்கா. இருபத்தாறுன்னுதான் எழுதியிருக்கு.

— எழுதியிருந்தா சரிதான். நமக்கு முப்பது இந்த ஜென்மத்துல வராது. வந்தாத்தானே நீ என் பேரை அடிப்ப?

— நான் எங்க அடிக்கிறேன். ஆஸ்பத்திரில போட்ட விதி. கீழ விழுந்தவங்களுக்கான வகுப்பு, ஆறு பேருக்குத்தான் இடம். ஒத்தக்கால்ல முப்பது எண்ணுற வரைக்கும் நின்னுட்டா, அடுத்த ஆளைச் சேர்க்கணும்.

— அது கெடக்கு.

— அக்கா, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. வந்த புதுசுல ஏன் தடுமாறினீங்க, ஞாபகம் இருக்கா?

— விரல மடக்கி ஊனினேன். நாப்பது வருசம் சேத்துல பின்னாடியே நகந்து நாத்து நட்ட காலு. சேத்துல விரல் ஊனலேன்னா ஆளே உக்காந்துருவோம். டைல்ஸ் தரைக்கு அது ஆகாது, விரல விரிச்சுப் பாதம் முழுக்க வைங்கன்னு நீதான சொன்ன.

— அதை ரெண்டே வாரத்துல கத்துக்கிட்டீங்க. இப்பல்லாம் இருபத்தஞ்சு வரைக்கும் விரிஞ்சே இருக்கு. அதுக்கப்புறம் மடங்குது.

— பழக்கதோஷம்.

— நீங்களா மடக்கறீங்க.

— காலையா பாத்துக்கிட்டு இருக்க?

— தினமும் அதைத்தான் பாக்கறேன்.

— சரி. மடக்குறேன். என்ன இப்போ?

— ஏன்க்கா?

— விழுந்தா நீ பிடிக்கிற. முழங்கைக்குக் கீழ, இறுக்கி. வேற யாரு என்னைத் தொடுறா, சொல்லு. அவரு போயி ஆறு வருசம். மவன் செழியன் மலேசியாவுலேர்ந்து ஞாயித்துக்கிழமை போன்ல மூஞ்சி காட்டுவான், கண்ணாடியத்தான் தடவிக்கணும். நடவுக்கு மெஷின் வந்துட்டுது, ஒண்ணா இடிச்சுக்கிட்டு நின்ன பொம்பளைங்களும் ஆளுக்கொரு பக்கம். வளையக்காரர் ஒருத்தர் கையப் பிடிச்சு அமுக்கிப் போட்டுவிடுவாரு. நான் வளையலையும் விட்டுட்டேன். சிரிக்காதடி.

— சிரிக்கலக்கா.

— மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?

— மேலத்தெரு தங்கம்மாளைத் தெரியுமா?

— தெரியாம? படித்துறையில வழுக்கி விழுந்தவ. அவளுக்கென்ன?

— உங்களுக்கு அடுத்த பேரு அவங்களோடது. ஒரு மாசத்துக்கு மேல காத்திருக்காங்க. நேத்துக் குளிக்கப் போன இடத்துல மறுபடி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு உடைஞ்சிருக்கு.

— அடிப் பாவி. என்னாலயா?

— உங்களால மட்டும் இல்ல.

— வேற யாராலயாம்? நான்தான இடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீ?

— சொல்லலாமா வேண்டாமான்னு... தெரியலக்கா. தினமும் யோசிச்சேன்.

— யோசிச்சது போதும், எந்திரி. இந்தா, விரல விரிச்சுட்டேன். கைய விடு. விடுன்னா.

— விட்டுட்டேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு...

— ராத்திரிச் சாப்பாடு எங்க உனக்கு?

— பேசாதீங்க, மூச்சு கலையும். பத்து. திருவையாத்துல ரூம்லதான். பதினொண்ணு.

— கூட யாரு?

— யாரும் இல்ல. பன்னண்டு. பதிமூணு.

— ஊருக்குப் போக மாட்டியா?

— பதினாறு. போனா எப்பக் கல்யாணம்னு கேப்பாங்க. பதினேழு. இங்க அதுகூடக் கேக்க ஆள் இல்ல. பதினெட்டு.

— கண்ணத் தொடைச்சுக்கிட்டு எண்ணு. நான் விழல.

— பத்தொம்போது. இருபது... இருபத்தெட்டு. இருபத்தொம்போது. முப்பது. ஆச்சுக்கா. காலை இறக்குங்க.

— இறக்குனா முடிஞ்சிரும்ல? இறக்க மாட்டேன். எவ்வளவு நேரம் நிக்கிறேன்னுதான் பாப்போமே. எண்ணு.

— எழுபத்திரண்டு வரைக்கும் நிப்பீங்க. நெல்லு நனைஞ்ச அன்னிக்கு நின்னீங்க, நான்தான் மனசுக்குள்ளயே எண்ணிட்டு, நோட்டுல இருபத்தாறுன்னு எழுதினேன்.