நிலைக்கால் சுங்கான்

சிகரெட்டை அணைச்சிட்டு நெருங்கி உக்காருங்க. எவன் சொன்னாலும் நான் லேசில நம்புற ஆளு இல்லை. இதுல பாதி என் கூட்டாளி ஐயாவு சொன்னது, அவன் வாயில பொய்யும் வரும். மீதி நானே பார்த்தது.

சாயங்காலம் ஏழு மணி. சிப்புட் ஊருப் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து மண் ரோடு. ரெண்டு பக்கமும் இப்போ செம்பனை, எண்ணெய் எடுக்கிற மரம். ஒரு விளக்கு கிடையாது... ஐயாவும் அவன் அக்கா மகன் சுகுமாரனும் லாரியில போறாங்க.

சுகுமாரனுக்குப் புந்தோங்ல, வீட்டுக்குப் பின்னால சின்னப் பட்டறை. மரத்துல சுங்கான் செய்வான். வெள்ளைக்காரன் வாயில வச்சுப் புகைப்பானே, அது. பொறுமை கிடையாது அவனுக்கு. வீட்டுக் கதவைக்கூட மோதிரக் கையால டக்கு டக்குன்னுதான் தட்டுவான்.

தோட்டத்துல இடிஞ்ச புகைக்கொட்டகை. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்ட இடம். கதவு நிலைக்கால் மட்டும் நின்னுச்சு. செங்கால்னு உளுத்துப்போகாத காட்டு மரம், புகை ஏறிக் கன்னங்கரேல்னு. சுகுமாரன் ரம்பத்தை எடுத்தான்.

"விட்டுடுடா இதை," ஐயாவு சொன்னான். "அந்தக் காலத்துல சின்னையான்னு ஒரு வேலையாளு உள்ள நெருப்பு பார்த்துக்கிட்டு இருந்தான். தெரியாம வெளிய தாப்பா போட்டுட்டாங்க. காலையில திறந்தப்போ... இந்த நிலைக்கால்ல இருக்கிற ஓட்டையில காத்துக்கு வாயை வச்சபடி செத்துக் கெடந்தான்."

"காஞ்ச மரம் மாமா. இப்படி இனி கிடைக்காதுலா."

அறுத்து ஏத்திட்டான்.

பட்டறையில ஒரு துண்டு வெட்டினான். மேலருந்து புகையிலை போடுற கிண்ணம் குடைஞ்சான். பக்கத்துலருந்து மெல்லிசா மூச்சு ஓட்டை. ரெண்டும் அடியில சந்திக்கணும், இல்லைன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வாய்க்கட்டை மாட்டினான். புகையிலை போடாம ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான், அது வழக்கம்.

இழுத்தான். காத்து வரலை. கம்பி விட்டான், தடையில்லாமப் போச்சு. மறுபடி இழுத்தான். வரலை.

ஊதினான். காத்து உள்ள போச்சு. கிண்ணத்து மேல கையை வச்சான்... அந்தக் காத்து வெளிய வரவே இல்லை.

அப்புறம் உள்ளருந்து ஒரு சத்தம். ஹா...ன்னு. தண்ணியில முங்கி எழுந்தவன் மூச்சு இழுப்பானே, அப்படி. கூடவே பழைய ரப்பர்ப் புகை நாத்தம்.

கீழ வச்சான். மரத்துக்குள்ள தட்டுற சத்தம். தொம்... தொம்... ஊதினா நிக்கும். நிறுத்தினா தட்டும்.

ஊதிக்கிட்டே இருந்திருக்கான், நாள் கணக்கா.

அவன் பொண்டாட்டி புனிதா எங்களைக் கூப்பிட்டா. போய்ப் பார்த்தா பாதி ஆளா இளைச்சுக் கெடந்தான். எந்திரிச்சு நாலடி நடக்க முடியலை. உதடு நீலம். ஆஸ்பத்திரியில ஆஸ்துமான்னு மருந்து குடுத்தாங்களாம். அதையும் நான் நம்பலை.

"குடுறா, எரிச்சுத் தொலைக்கிறேன்," ஐயாவு கையை நீட்டினான்.

சுகுமாரன் சுங்கானை நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். "எரிச்சா புகை வரும் மாமா... உள்ள ஆள் இருக்கு."

கொஞ்ச நாள்ல பட்டறையிலேயே செத்துக் கெடந்தான். வாயில அந்தச் சுங்கான். நான்தான் உருவி எடுத்தேன். ஆளு சில்லுனு இருந்தான். கிண்ணம் சூடா இருந்துச்சு.

அதை எரிக்க யாருக்கும் தைரியம் வரலை. புனிதா பிஸ்கட் டின்னுல போட்டு மூடி வச்சா.

போன வாரம் நானும் ஐயாவும் போனோம். டின்னு மூடி தரையில கெடக்குது.

"ஏம்மா திறந்தே?" ஐயாவு கேட்டான்.

"முதல்ல ஒருத்தர்தான் தட்டுனாரு மாமா... இப்போ ரெண்டு பேரு..." மூச்சு வாங்கினா. "ரெண்டாவது... மோதிரக் கை..."

அதுக்கு மேல பேச அவளுக்கு மூச்சு வரலை. உதட்டைப் பார்த்தேன்... லேசா நீலம்.