ஆயிரத்தொம்பது தேங்காய்

இல்ல வாத்தியார் சார், மறுபடி வகுங்க. ஆயிரத்தொம்பது. பன்னெண்டால? ஒண்ணு மிச்சம். பதினாலால? அதுக்கும் ஒண்ணு. எனக்கு அப்பவே தெரியும். நீங்க மணல்ல குச்சியால போடுறீங்க, நான் தேங்காயாலயே போட்டவன்.

எங்க போயிடப் போறோம், டிங்கிப் படகு வரட்டும். இந்த உப்போடைக்கு அந்த ஒரே டிங்கிதான். பதினோரு வருசமா நான் அதுல கால் வெச்சதில்ல. ரங்கத் பஜாருக்குன்னாலும் காட்டச் சுத்தி நடந்துதான் போவேன். இந்த மழைக்கு அந்த வழியும் முங்கிடுச்சு.

ஏன்னா கேக்குறீங்க? ஓட்டுறவன் லூர்துநாதன் சார்.

அறுபத்தொண்ணுல நானும் அவனும் தென்னை நர்சரில கூலி. இந்தத் தீவுல குடியேறினவங்களுக்குக் கொடுக்க நிக்கோபார்லேருந்து விதைத் தேங்காய் வரும். கூட வர்ற சீட்டு மழையில நனைஞ்சு எண்ணிக்கை அழிஞ்சிருக்கும். ஆபீசர் சாப்புக்கு உக்காந்து எண்ணப் பொறுமை இல்ல. வரிசையா அடுக்கு, எல்லா வரிசையும் பராபர், கூடாம குறையாம சமமா வரணும், வரலன்னா எவனோ தின்னுட்டான். அதான் அவர் சட்டம். சிரிக்காதீங்க. ஒவ்வொரு லோடும் பராபரா வந்துச்சு. அந்த ஒண்ணுதான் வரல.

ஏழு வரிசை, ஒண்ணு மிச்சம். எட்டு, ஒண்ணு மிச்சம். ஒம்பது, அப்பவும் அந்தச் சனியன் தனியா நிக்குது. பதினொண்ணு போட்டா எட்டு நிக்குது. முப்பத்தொண்ணு வரைக்கும் அடுக்கினோம் சார், கொட்டுற மழையில. வரிசைக்கு முப்பத்திரண்டு, பதினேழு மிச்சம்; அதக் கூட்டித்தான் ஆயிரத்தொம்பதுன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல முதுகு வளையல.

என்னது, அங்க நிறுத்தினதே சரியா? மேல போனாலும் வராதா? ஒண்ணையும் அதையும் விட்டா எதாலயும் போகாதா? பகா எண்ணா. பேரெல்லாம் வெச்சிருக்கான் பாருங்க, எங்க சாப்புக்கு மட்டும் ஒருத்தனும் சொல்லல.

சோர் யாரு, திருடன் யாருன்னு சாப் எங்கள நிக்க வெச்சுக் கேட்டாரு. அன்னிக்கு லூர்து சட்டியில தேங்காய் அரைச்ச மீன்கொழம்பு. கடல்ல ஒதுங்கின காயின்னான். நான் பார்த்ததைச் சொன்னேன், கொழம்பைப் பார்த்தேன்னு. அவ்வளவுதான், அவன் வேலை போச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசணுமா இல்லையா? என் மூஞ்சிய ஒரு பார்வை பார்த்தான், துண்ட உதறிட்டுப் போயிட்டான். அதான் சார் எனக்கு இன்னும் ஆறல. திட்டியிருந்தா நானும் நாலு திட்டித் தீர்த்திருப்பேன்.

முந்தாநாள் என் சம்சாரம் செல்லத்துக்கு ஜன்னி கண்டுபோச்சு. அவன்தான் தூக்கி டிங்கில கிடத்தி ரங்கத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். என்னைக் கூப்பிடல. நான் இதே கரையில நின்னேன். கால் வரல சார். பொழைச்சாளா என்னன்னு இன்னும் தெரியல.

அதோ, வர்றான். வாத்தியார் சொன்னா கேப்பான். நான் ஏறுறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. அந்த எண்ணு அப்படிப்பட்டது, யார் மேலயும் தப்பில்லன்னு.

ஒண்ணு கேக்கறேன். ஆயிரத்துப் பத்து இருந்திருந்தா? பத்து வரிசை, வரிசைக்கு நூத்தியொண்ணு. சரி. ஆயிரத்தெட்டு? ஏழு, எட்டு, ஒம்பது, பன்னெண்டு, எல்லாத்துலயும் உக்காந்திருக்குமா?

அட. அப்ப இன்னொண்ணையும் உடைச்சிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. பசியில நான் ஒண்ணத்தான சார் உடைச்சேன். அதுலயும் பாதிய அவன் கொழம்புக்குக் கொடுத்துட்டேன்.