விழுந்ததை எழுப்புகிறவன்

நான் லீவு போடுகிற ஆள் இல்லை, மேடம். காய்ச்சல் என்றாலும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டாள். எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் ஆம்புலன்ஸ் வேண்டுமென்று யார் போன் செய்தாலும் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் வரும். கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறார், பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்பதெல்லாம் போனை எடுக்கிற பெண்ணின் திரையில் வந்துவிடும். அவள் ஒரு பட்டனைத் தட்டினால் முகவரி டிரைவருக்கு முன்னால் இருக்கிற சின்னத் திரைக்குப் போய்விடும். இத்தனையும் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அது எங்கள் கட்டடத்தில் கிடையாது. கிளவுட் என்கிறோமே, எங்கேயோ வாடகைக்கு எடுத்த இயந்திரங்கள், அதில் ஓடுகிறது. அப்படி ஓடுகிற ஒவ்வொன்றையும் இன்ஸ்டன்ஸ் என்போம். எங்களுக்கு இரண்டு. ஒன்று வேலை செய்யும். மற்றொன்று அதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு பின்னால் காத்து நிற்கும். முதலாவது விழுந்தால் இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைச் செய்கிறவன் நான்.

இந்த வேலையை வாங்கித் தந்தது என் அக்கா புருஷன். மாமா அங்கே ஆம்புலன்ஸ் டிரைவர். நான் முன்பு இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் வீட்டோடு கிடந்தேன். வாசலில் யாராவது வந்து கேட்டால் என் மகள், "அப்பா தூங்குறாங்க" என்பாள். நான் தூங்க மாட்டேன். கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், வந்தவர் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போகிற சத்தம் கேட்கும்வரை. மாமாதான் மேலாளரிடம் போய் நின்றிருக்கிறார். "என் மச்சான் ஒருத்தன் இருக்கான் சார், கம்ப்யூட்டர்ல புலி. ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பேசிப் பாருங்க." அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு எங்கள் பிரிவுக்கு ஒருவர் வந்தார். ஆள் உயரம், அதனால் நெட்டை என்று கூப்பிடுவோம். தங்கமான மனுஷர், குறை சொல்ல மாட்டேன். முதல் இன்ஸ்டன்ஸ் விழுந்தால் இரண்டாவது தானாகவே முன்னால் வருகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தார். எல்லோரையும் கூட்டி வைத்து, முதலாவதை நிறுத்திக் காட்டினார். டீயை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மாறிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மேலாளர் என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் நெட்டைக்குச் சொல்லிக் குடுத்துடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல." சொல்லிக் கொடுத்து முடித்ததும் என்னை அனுப்பிவிடுவார்கள் என்று, அவசரமில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் எங்கள் வீட்டு வாசல் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடி அதற்குப் பின்னால் நிற்க என்னால் முடியாது, மேடம். அதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

முதல் தடவை மிகவும் சுத்தமாகச் செய்தேன். நெட்டையின் ஏற்பாட்டை அணைத்தேன், முதல் இன்ஸ்டன்ஸை நிறுத்தினேன், உடனே இரண்டாவதை எழுப்பினேன். அதுதான் நான் செய்த தவறு. யாருக்கும் தெரியவே இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், போன் எடுக்கிற பெண்களில் ஒருத்தி, "ஸ்கிரீன் கொஞ்சம் நின்னுச்சுல்ல?" என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டுவிட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இரண்டாம் தடவை சற்றுத் தாமதித்தேன். மேலாளர் போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார், அதோடு சரி. விழுந்தது நாலு பேருக்குத் தெரிவதற்குள் எழுப்பிவிட்டால், அது விழுந்ததாகவே யாரும் நினைப்பதில்லை.

மூன்றாம் தடவை பொறுப்பில்லாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அழைப்புகள் குறைவாக வருகிற மதிய வேளையாகப் பார்த்துத்தான் செய்தேன். திரைகள் நின்றன. பெண்கள் கிடைத்த தாளில் முகவரியைக் கிறுக்கி, டிரைவர்களுக்குப் போனில் சொல்லத் தொடங்கினார்கள். மேலாளர் ஓடிவந்தார்.

"என்னங்க ஆச்சு? எப்ப வரும்?"

"பாத்துட்டிருக்கேன் சார்."

"நெட்டை, தானா மாறும்னியே, எங்கப்பா போச்சு அது?"

நெட்டை தன் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார். "மாறணும் சார். ஏன் மாறலன்னு புரியல."

மேலாளர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றார். அந்த நிமிஷம் ஒரு தட்டுத் தட்டினால் போதும். விரல் பட்டன்மேல்தான் இருந்தது. நான் தட்டவில்லை. இயக்குநர் மேல்மாடியிலிருந்து இறங்கி வருவதாகச் சொன்னார்கள். அவரும் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எழுந்து நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "மூணாவது குறுக்குத் தெரு, மூணாவது" என்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். இந்த நகரத்தில் மூன்றாவது குறுக்குத் தெரு பேட்டைக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு அது தெரியும். போனின் மறுமுனையில் மாமா இருக்கிறார் என்பதுதான் தெரியாது. இயக்குநர் வந்தார். நான் தட்டினேன். திரைகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. அவர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வேலைக்கு வந்ததிலிருந்து யாரும் அப்படிச் செய்ததில்லை.

அன்று ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தது, மூச்சிழுப்பு வந்த ஒரு சின்ன வயசுப் பெண். புருஷன் அவளை மாடிப்படியில் சாய்த்து வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். மாமா வேறொரு மூன்றாவது குறுக்குத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சரியான வாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கிருந்தவர்கள் அவரை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள்.

விசாரணை நடந்தது. பேட்டை பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்றாள், அன்று போனில் முகவரி சொன்ன பெண். என் காதில் விழவில்லை என்றார் மாமா. அப்புறம் என்னைக் கேட்டார்கள். "அதுக்குள்ள சிஸ்டம் வந்துருச்சே, முகவரி அவர் வண்டிக்குப் போச்சா?" நான், "போயிருக்கும் சார்" என்றேன். போனது என்று நான் சொல்லவில்லை. போயிருக்கும் என்றுதான் சொன்னேன். அதோடு மாமாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். முகத்தில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. அக்கா காபியை வைத்துவிட்டு உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்.

"ஸ்கிரீன்ல வந்துச்சா மாப்ளே? எனக்கு வந்த மாதிரியே ஞாபகம் இல்ல. உனக்குத்தான் தெரியும்."

"பதட்டத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க மாமா."

ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில், வண்டிகள் நிற்கிற இடத்திலிருந்து இறந்துபோன பெண்ணின் தெருவுக்கு நடந்து போய்விட்டு வருகிறாராம். வந்ததும் அக்காவிடம், "இன்னிக்கும் தப்பாம போயிட்டேன்" என்பாராம். அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். "நீயாவது பக்கத்துல இருக்கியே தம்பி, அதுவே போதும்" என்றாள். மாதா மாதம் அவர்கள் வீட்டுக்கு அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் நான்தான் வாங்கிப் போடுகிறேன். வேலை இருந்ததால்தானே அதுவும் முடிந்தது.

ஆனால் ஜனங்களுக்கு மறதி அதிகம். நெட்டை தன் ஏற்பாட்டைச் சரிசெய்து திரும்ப ஓடவிட்டார். மேலாளர் மறுபடி என்னைத் தனியாகக் கூப்பிட்டார், அதே குரலில் பேசினார். அதனால் நான்காம் தடவையும் செய்தேன். இந்த முறை நெட்டை, யார் எதைத் தட்டினாலும் தனக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். கெட்டிக்காரர் என்று முதலிலேயே சொன்னேனே, இல்லை, தங்கமானவர் என்று சொன்னேன். இரண்டும்தான். அன்றைக்கு இரண்டு பேர் செத்தார்கள் என்கிறீர்கள். அதில் ஒன்று குழந்தை என்பது நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆமாம், நான்கு தடவையும் நான்தான். கை தவறவில்லை, யாரும் தூண்டிவிடவில்லை. மூன்றாம் தடவை ஓர் உயிர் போனதைத் தெரிந்துகொண்டுதான் நான்காம் தடவை செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மேடம். மாமாவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார், தாங்கமாட்டார். இப்போதுதான் தப்பு தன்மேல்தான் என்று ஒத்துக்கொண்டு, பாவம், கொஞ்சம் தேறி வருகிறார்.