மூணு சொம்புத் தண்ணி

— தரகர் நம்பரப் போட்டுக் குடு. நானே சொல்லிடறேன்.

— வீட்டுக்குப் போயி சொல்லிக்கலாம்மா. பஸ்சுல எதுக்கு…

— வேணாம்னு சொல்றதுக்கு நல்ல நேரமா பாக்கணும்?

— இன்னும் புதுச்சத்திரமே வரல. அவுங்க குடுத்த கேசரி தொண்டையத் தாண்டியிருக்காது, அதுக்குள்ள…

— பொண்ணு பெருத்த ஒடம்புடா, இளவரசு. போட்டோவுல கழுத்துக்கு மேலதான் காட்டுனாங்க. அப்பவே எனக்கு சந்தேகம்.

— அதுக்குத்தான் மூணு சொம்புத் தண்ணி கேட்டியா?

— பின்ன? உக்காந்திருந்தா என்னா தெரியும்? நாலு தடவ நடக்க வுட்டாதானே இடுப்பு எம்மாம், பின்னால எம்மாம்னு…

— ம்மா, மெதுவா. முன் சீட்டுக்காரரு திரும்புறாரு.

— திரும்பட்டும். உனக்கு ஏத்தாப்ல ஒடிசலா ஒருத்தி வேணும்டா.

— எனக்கு ஏத்தாப்லயா? நான் உக்காந்ததுல நீ பாதி சீட்டுக்கு வெளியதான் இருக்க.

— உனக்கென்னா? பூசுனாப்ல இருக்க. ஆம்பளைக்கு அது ஒரு லட்சணம்.

— தொண்ணூத்தெட்டு கிலோம்மா.

— வெளிய சொல்லாத, கண்ணு பட்டுடும்.

— பவானிக்கு எழுவதுகூட இருக்காது.

— பேரு சொல்ற அளவுக்கு வந்தாச்சா?

— கூப்புடத்தானே பேரு… ஏம்மா, அப்பா வர்றதுக்கு முன்னாடி ஒன்ன எத்தினி பேரு வேணாம்னாங்க?

— நாலு பேரு. நோஞ்சான், இடுப்புல கொடம் நிக்காதுன்னாங்க. பண்ருட்டிலேருந்து வந்தவரு, களத்து வேலைக்கு ஆவாதுன்னு பாதி காப்பியோட எழுந்துட்டாரு. எங்கம்மா தெனம் உளுந்தங்களி உருட்டி வாயில திணிச்சாங்க.

— அழுதியா?

— …அழாம? அத வுடு. அப்ப பூசுனாப்ல இருந்தாதான் அழகு. இப்ப ஒல்லியா இருந்தாதான் அழகு.

— யாரு மாத்துனது?

— எனக்கென்னா தெரியும்? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன்.

— சிப்காட் வந்துடுச்சு. அடுத்து முதுநகர். பையெல்லாம் எடுத்து வச்சுக்க.

— பேச்ச மாத்தாத. நம்பரக் குடு. நம்ம பதிலுக்கு வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, பாவம்.

— உக்காந்திருக்க மாட்டாங்கம்மா.

— ஏன்?

— மாடியில ரெண்டு பேரும் தனியா பேசிட்டு வாங்கன்னாங்கல்ல… அப்பவே வேணாம்னுட்டா.

— யாரு… அவளா?

— ம்.

— என் புள்ளையவா? ஒன் வயித்தப் பாத்துட்டா?

— அதப் பத்தி ஒரு வார்த்த பேசலம்மா. எனக்கு அவள ரொம்பப் புடிச்சிருந்துச்சு. வாய் விட்டுச் சொல்லியும் பாத்தேன்.

— பின்ன என்னாதான் கொறையாம் அவளுக்கு?

— "ஒங்கம்மா வந்ததுலேருந்து ஒரு தடவகூட என் மொகத்தப் பாக்கலிங்க. நாளைக்கு ரோட்டுல பாத்தா எத வச்சு என்னை அடையாளம் கண்டுபுடிப்பாங்க?"ன்னு கேட்டா.