குலவை போட ஆள் வேண்டும்

எனக்கு மழை பிடிக்கும், ஐயா. திருச்சுழிப் பக்கம் பிறந்தவனுக்கு வேறு வழியில்லை.

அன்று கீழத்தெருவில் ஒருவர்கூட ஏன் கோயில் மேட்டுக்குப் போகவில்லை என்றுதானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்கிறேன், மதுரையில் எங்கள் கல்லூரி மலருக்கு. சண்டைக் காலக் காகிதத் தட்டுப்பாட்டிலும் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினார்கள். புயல் வருகிறதென்று தந்தி வந்தாலும் கடற்கரை ஆட்கள் வலையை விட்டு நகர்வதில்லை என்று விடுதி நண்பன் ஒருவன் சொன்னான். எங்கள் ஊர் அதற்கும் மேல் என்று எழுதினேன். கண்மாய் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை நிறையும். மிஞ்சிய தண்ணீர் கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்தால் பெண்கள் கரையேறிக் குலவை போடுவார்கள். கரை உடையப் போகிறது என்றாலும் அங்கேதான் போவார்கள். ‘ஒருவரும் மேடு ஏறமாட்டார்கள்’ என்று முடித்திருந்தேன். விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது.

புயல் மழைக்குக் கல்லூரியை மூடினார்கள். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம், கண்மாய்க் காவல்காரர் பால்ச்சாமி நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

“தம்பி, நடுக்கரையில ஊத்து எடுத்திருச்சு. பொழுது சாயிற மட்டும் கரை தாங்காது. நான் பக்கத்தூர்ல ஆள் கூட்டப் போறேன். நீங்க கீழத்தெருவக் கோயில் மேட்டுக்குக் கெளப்பி விடுங்க. படிச்ச புள்ள சொன்னாக் கேப்பாக.”

அவர் உங்களிடம் சொன்னது அவ்வளவும் உண்மை. கேட்பார்கள். அதுதான் சங்கடம்.

நான் போனபோது முத்துத்தாய் இடுப்பில் கைக்குழந்தையோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கிளம்பினால் தெருவே கிளம்பும். கட்டுரை அச்சில் இருந்தது.

“என்ன காலேஜுக் கொழுந்தனாரே, மேட்டுக்குப் போயிரவா? ஒங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“மறுகால் பாயுது மதினி. மேட்டுல நின்னுக்கிட்டா கொலவை போடுவீக?”

அதில் பொய் இல்லை, ஐயா. மறுகால் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. ஊற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“அதானே. ஏழு வருஷங் கழிச்சு வந்தவள எட்டிப் பாக்காமப் போனா கோவிச்சுக்கிருவா.” மூட்டையைக் கீழே வைத்தாள். “அடியே ராக்கம்மா, தேங்காய எடுத்துக்கிட்டு வாடி!”

குலவை நன்றாகக் கேட்டது. பிறகு ஒரு சத்தம், யாரோ பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல. குலவை பாதியில் நின்றது. இப்போதும் குடத்தில் தண்ணீர் விழும்போதெல்லாம் அது ஆரம்பிக்கிறது. மிச்சத்துக்காகக் காத்திருக்கிறேன். வருவதில்லை.

கைக்குழந்தையோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.

மலர் போன வாரம் வந்துவிட்டது. சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறதே என்று ஆசிரியர்களே ஆச்சரியப்பட்டார்கள். அதில் ஒரே ஒரு பிழை இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். ‘ஒருவரும் மேடு ஏறமாட்டார்கள்’ என்பது முழுக்கச் சரியல்ல. அந்தக் குலவையை நான் கோயில் மேட்டில் நின்றுதான் கேட்டேன்.