ஆணியில் மாட்டிய ரொட்டி

— கையை எடு சனோபர். அந்த ரொட்டியைத் தொடாதே.

— என் ரொட்டி அப்பா. கிளம்புறப்போ ஒரு வாய் கடிச்சது நான், மிச்சத்தைத் துணியில சுத்தி ஆணியில மாட்டினது நீங்க. திரும்பி வந்தா இறக்கித் தின்னணும், அவ்வளவுதானே? வந்துட்டேன். பசிக்குது.

— பசிச்சா அடுப்படியில வேற ரொட்டி இருக்கு, அதைத் தின்னு. இது பட்டாளத்துக்குப் போன பிள்ளையோட ரொட்டி.

— நான் பட்டாளத்துக்குப் போகாம பாட்டுக் கச்சேரிக்கா போனேன்?

— கேட்டுக்கோ. பயிற்சி ஆறு மாசம். ஆறு மாசம் முடிஞ்சு, தோள்ல பட்டையோட வந்து நின்னா அது திரும்பி வர்றது. பத்தாவது வாரத்துல பையைத் தூக்கிட்டு வந்தா அதுக்குப் பேர் வேற. நான் பட்டாளத்துல இருந்தப்போ சைபீரியாவுல, சீத்தாவுல ரெண்டு வருஷம் லாரி ஓட்டினேன். மைனஸ் நாற்பது. துப்பினா எச்சில் தரையில விழுறதுக்குள்ள கல்லாயிடும். ஓடி வந்தேனா?

— ஆரம்பிச்சாச்சு சீத்தா. கரடியைக் காணோமே இன்னும்?

— கரடியும் வந்துச்சுதான். சிரிக்காதே. உன்னை யாராவது பார்த்தாங்களா? அதைச் சொல்லு முதல்ல.

— எல்லாரும் பார்த்தாங்க. பஸ் ஸ்டாண்டுலேருந்து மசூதித் தெரு வழியா நடந்துதானே வந்தேன். ஹோலிதா அக்கா வாசல்ல தண்ணி தெளிச்சிட்டிருந்தாங்க. "லீவா பொண்ணே?"ன்னாங்க. "இல்லக்கா, விட்டுட்டேன்"னேன். வாளித் தண்ணியை அப்படியே தன் கால் மேலயே கவுத்துக்கிட்டாங்க.

— கெட்டுது போ! ஊர்ல இத்தனை பேர் இருக்க, போயும் போயும் ஹோலிதாகிட்டயா சொல்லணும்? இருட்டினப்புறம் தோட்டத்துப் பக்கமா வந்திருக்கக் கூடாதா?

— எதுக்கு இருட்டணும்? நான் என்ன அடுத்தவன் ஆட்டைத் திருடிட்டா வந்தேன்?

— பேட்டை ஆபீஸ் பலகையில உன் படம் தொங்குதே, அதை நினைச்சுப் பார்த்தியா? நம்ம பேட்டையிலேருந்து பட்டாளத்துக்குப் போன முதல் பொண்ணுன்னு கீழ எழுதி வேற வச்சிருக்காங்க. பேட்டைப் பெரியவர் எல்லார் முன்னாடியும் உன் கையில கடிகாரம் கட்டிவிட்டாரு.

— கட்டிவிட்டாரு. வர்ற வழியிலேயே அங்க போய்க் கழட்டி மேஜை மேல வச்சுட்டேன். படத்தையும் நானே எடுத்துட்டேன். இந்தா, பையில இருக்கு. மூக்கு வீங்கின மாதிரி ஒரு படம், இதை எப்படி இத்தனை நாள் தொங்கவிட்டாங்க?

— பெரியவர் என்ன சொன்னாரு?

— டீ குடிக்கிறியான்னாரு. குடிச்சேன்.

— என் மானம் போகுது, இவ டீ குடிச்சிட்டு வந்திருக்கா. இந்தா, இங்கயும் ஒரு கிண்ணம் குடி. குடிச்சிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சு நவாயிக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போயிடு. ஆறு மாசம் முடியட்டும். அப்புறம் வா. முடிச்சிட்டு வந்தாள்னு நான் சொல்லிக்கிறேன்.

— கிண்ணம் விளிம்பு வரைக்கும் ஊத்தியிருக்கீங்களே.

— அதுக்கென்ன?

— வேண்டிய ஆளுக்கு அரைக் கிண்ணம், எழுந்து போகவேண்டிய ஆளுக்கு முழுக் கிண்ணம். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? இத்தனை வருஷத்துல எனக்கு நீங்க முழுசா ஊத்தினதே இல்லை.

— கை தவறிக் கூட விழுந்துடுச்சு. எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்காதே.

— தவறினா தவறட்டும். நான் நவாயிக்குப் போகமாட்டேன். எனக்கு இந்த வீடு வேணும். வாசல் வழியா வரணும், வாசல் வழியா போகணும். நீங்க அந்த ரொட்டியை இறக்கி என் கையில கொடுத்தாத்தான் நான் வீட்டுக்கு வந்த மாதிரி. அதுவரைக்கும் இந்தக் கம்பளத்தைவிட்டு எழுந்திரிக்கமாட்டேன்.

— அப்போ உட்காரு. கேட்டுக்கோ, நானும் ஒண்ணு கேட்கிறேன். நீ எதைத்தான் முடிச்சிருக்கே? டாக்டராகப் போறேன்னே. ரெண்டு தடவை பரீட்சை எழுதினே, ரெண்டு தடவையும் கோட்டை விட்டே.

— ஆமா. விட்டேன்.

— தையல் கடை போட்டே. ஒரு குளிர்காலம் தாண்டலை.

— ஆமா. தெருவுல எல்லா வீட்டுலயும் தையல் மெஷின் இருக்கிறப்போ தையல் கடை போட்டேன் பாருங்க, அதைச் சொல்லணும்.

— கல்யாணம் பண்ணி வச்சேன். பஹ்தியோர் வீட்டுலேருந்து பதினோராவது மாசம் பெட்டியோட வந்தே.

— அதையும் முடிச்சிருக்கணுமா? எதுவரைக்கும்? பல்லு உடையிறவரைக்குமா?

— அதைச் சொல்லலை நான்.

— சொன்னீங்க. வரிசையில சேர்த்துச் சொன்னீங்க. அன்னைக்கு நான் வந்தப்போ, என் கன்னத்தைப் பார்த்துட்டு வண்டியை எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனவர் நீங்கதானே? அவங்க வாசல் கதவு இன்னைக்கும் கோணலாத்தான் இருக்காம்.

— சரி, அது வேற. அதை வரிசையிலேருந்து எடுத்துடறேன். மத்தது? இந்தப் பட்டாளம்? என்ன ஆச்சு, அடிச்சாங்களா?

— இல்லை.

— யாராவது தப்பா நடந்தாங்களா? சொல்லு. வண்டியை எடுக்கிறேன்.

— யாரும் எதுவும் பண்ணலை அப்பா. துப்பாக்கி சுடுறதுல எங்க கூட்டத்துல ரெண்டாவது நான். லாரி ஓட்டுறதுல முதல். சூப்புல உப்பு இருக்காது, அவ்வளவுதான் குறை.

— உடம்பு முடியலையா? முட்டியா? பொண்ணுங்களுக்கு முட்டி போயிடும்பாங்க.

— முட்டி நல்லாத்தான் இருக்கு. எங்க கமாண்டர் அம்மாவும் இதையேதான் சொன்னாங்க. நல்லவங்க. "முட்டி வலின்னு எழுதிக் கொடு, கௌரவமா அனுப்பி வைக்கிறேன்"னாங்க. நான் எழுதலை.

— பின்ன என்ன எழுதினே?

— "எனக்கு இது வேண்டாம், அதனால போறேன்." கையெழுத்து, தேதி.

— அடிப்பாவி! முட்டி வலின்னு எழுதினா என்ன? ஊருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும்! சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. ஒரு மாசம் கொஞ்சம் நொண்டி நட.

— என்னது?

— வெளியில போறப்போ மட்டும். இடது கால். வீட்டுக்குள்ள சாதாரணமா நடந்துக்கோ.

— அப்பா, மசூதித் தெரு முழுக்க நிமிர்ந்து நடந்து வந்திருக்கேன். இப்போ திடீர்னு நொண்டினா, ஹோலிதா அக்கா நீங்க அடிச்சீங்கன்னு சொல்லுவாங்க.

— அதுவும் சரிதான்.

— நொண்டவும் மாட்டேன், ஒளியவும் மாட்டேன். நான் எதுக்குச் சேர்ந்தேன் தெரியுமா? நாட்டுக்காகன்னு பெரியவர் பேசினாரே, அதெல்லாம் இல்லை. சீருடையைப் போட்டுக்கிட்டு பஹ்தியோர் வீட்டு வாசல்ல ஒரு தடவை நடக்கணும். அவன் பார்க்கணும். அதுக்குத்தான். தினமும் காலையில அஞ்சு மணிக்கு அவன் மூஞ்சியை நினைச்சுக்கிட்டுத்தான் ஓடுவேன். நல்லாவே ஓடுவேன். பத்தாவது வாரம் ஒரு நாள் ஓடிக்கிட்டிருக்கேன், அவன் மூஞ்சி ஞாபகத்துக்கு வரலை. எப்படி இழுத்தாலும் வரலை. அப்படியே நின்னுட்டேன். பின்னாடி வந்தவ என் மேல வந்து மோதினா.

— இதுக்கா?

— இதுக்குத்தான். அவனுக்காகப் போட்ட வேஷம். அவனே மனசை விட்டுப் போயிட்டான், இன்னும் எதுக்கு நான் அவனுக்காக உப்பில்லாத சூப் குடிக்கணும்? எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு அப்பா. பஸ்ல வர்றப்போ பாடிக்கிட்டே வந்தேன்.

— சந்தோஷமாம். இனிமே என்ன பண்ணப் போறே?

— தெரியாது.

— தெரியாதுங்கிறதை இவ்வளவு சத்தமா சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்லை.

— முணுமுணுத்தா மட்டும் தெரிஞ்சுடுமா? நம்ம வண்டியை ஓட்டறேன். சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் ஆள் ஏத்தறேன். ஆமா, அந்த வண்டி என்ன, அப்படி நிக்குது? கூரை மேல வால்நட் இலை குமிஞ்சு கிடக்கு. பின் டயர்ல காத்தே இல்லை. எத்தனை நாளா எடுக்கலை?

— சவாரி இல்லை.

— இலையுதிர் காலத்துல, கல்யாண சீசன்ல, நம்ம கட்டாகுர்கான்ல சவாரி இல்லையா?

— பேச்சை மாத்தாதே. ரொட்டியைப் பத்திப் பேசு.

— பேசியாச்சு. இறக்கப் போறேன்.

— சனோபர், வேண்டாம்! ஸ்டூல்லேருந்து இறங்கு!

— எழுந்து வந்து பிடுங்குங்க பார்ப்போம். சீத்தாவுல கரடியை விரட்டினவர்தானே?

— சொல்றேன்ல, இறங்கு. அவிழ்க்காதே. துணியை அவிழ்க்காதே.

— ஏன் எழுந்திரிக்காம அங்கேருந்தே கத்துறீங்க? வழக்கமா இதுக்குள்ள என் காதைத் திருகியிருப்பீங்களே. அட, முடிச்சு கூட நீங்க போட்ட மாதிரி இல்லை, யாரோ அவசரத்துல போட்ட மாதிரி... அப்பா.

— என்ன?

— இதுல ரெண்டு கடி இருக்கு.

— எலியா இருக்கும்.

— இந்த எலிக்கு மேல் வரிசையில ஒரு முன்பல்லு இல்லை. நடுவுல சந்து விழுந்திருக்கு. வாயைத் திறங்க.

— மாட்டேன்.

— எங்க போனீங்க? ரொட்டியைக் கடிச்சு வச்சிட்டு எங்க போனீங்க?

— சமர்கந்துக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு.

— எதுக்கு?

— நெஞ்சுல ஏதோ ஒரு கதவு சரியா மூடலையாம். வெட்டித் தைக்கணும்னாங்க. நீ கிளம்பின மூணாவது வாரமே தெரியும். ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. கிளம்புற அன்னைக்கு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். உனக்கு ரொட்டியை நீட்ட நான் இருந்தேன். எனக்கு நீட்ட வீட்டுல யார் இருக்கா? உன் ரொட்டியையே இறக்கி ஒரு கடி கடிச்சேன். பல்லு போகாது, அவ்வளவு கல்லு. அதுல எனக்குக் கண்ணு வேற கலங்கிப் போச்சு.

— ஏன் எனக்குச் சொல்லலை?

— சொன்னா பயிற்சியை விட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னு.

— நல்லா இருக்கு. வெட்டித் தைச்சாச்சா?

— டீ ஆறுது பாரு, எடுத்துக் குடி.

— அப்பா. சட்டையைத் தூக்குங்க. தழும்பு எங்க?

— மறுநாள் காலையில வெட்டறதா இருந்துச்சு. ஒரு பொண்ணு வந்து நெஞ்சுல இருக்கிற முடியை வழிச்சுட்டுப் போனா. அப்புறம் கண்ணாடியில பார்த்தேன். உரிச்ச கோழி. கேட்டுக்கோ, சீத்தாவுல எனக்கு இப்படி ஆனதே இல்லை. கோட்டைப் போட்டுக்கிட்டேன், செருப்பு அவங்களோடது, வந்துட்டேன்.

— ஓடி வந்துட்டீங்க.

— நடந்துதான் வந்தேன். ஓட முடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறேன்?

— காகிதத்துல என்ன எழுதிக் கொடுத்தீங்க? முட்டி வலின்னா?

— பொண்ணு பட்டாளத்துலேருந்து லீவுல வர்றா, வீட்டுல ஆள் இல்லைன்னு எழுதினேன். இன்னைக்கு ஒன்பதாவது நாள். நீ வந்து நிக்கிறே.

— ஒன்பது நாளா, நவாயியில அக்கா வீட்டுல இருக்கிறதா ஊரை நம்ப வச்சுட்டு, தோட்டத்துப் பக்கமா போயிட்டு வந்துட்டு இருக்கீங்களா?

— இருட்டினப்புறம்.

— டாக்டர் என்ன கெடு சொன்னாரு?

— இந்த மாசத்துக்குள்ளன்னாரு. அதெல்லாம் சும்மா பயமுறுத்துவாங்க. பயந்துட்டேன்டி. வளர்ந்த பொண்ணுகிட்ட அப்பன் இதைச் சொல்லக்கூடாது. ஆனா பயந்துட்டேன். நீயும் பாதியில வந்தே, நானும் பாதியில வந்தேன். கணக்கு சரியாப் போச்சு.

— சரியாப் போகலை. நான் விட்டது எனக்கு வேண்டாத வேலை. அதுக்காக யார்கிட்டயும் தலை குனியமாட்டேன். நீங்க விட்டுட்டு வந்தது எனக்கு வேணுங்கிற அப்பாவை.

— விடு. போனது போகட்டும். நீ சொன்னதுதான் சரி. போனவங்க வந்தா தின்னணும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் வந்துட்டோம். கொண்டா அந்த ரொட்டியை, டீயில முக்கி ஆளுக்குப் பாதியா தின்னு முடிச்சுடுவோம். உட்காரு. நீ இந்த வீட்டுக்கு வந்தவதான். நவாயியும் வேண்டாம், நொண்டவும் வேண்டாம்.

— கோட்டு எங்க இருக்கு?

— யார் கோட்டு?

— உங்க கோட்டு. அந்த ஆஸ்பத்திரிச் செருப்பையும் எடுத்துக்கோங்க, திருப்பிக் கொடுக்கணும். டயருக்குக் காத்தடிக்க எனக்குக் கால் மணி நேரம். அதுவரைக்கும் டீயைக் குடிங்க.

— இன்னைக்கேவா? ஹோலிதா வாசல்லயே நிப்பா. மசூதித் தெரு வழியாவா போறே?

— மசூதித் தெரு வழியாத்தான். நீங்க முன் சீட்டுல, கண்ணாடியை இறக்கிவிட்டு. கேட்டா நானே சொல்றேன்: நான் பட்டாளத்துலேருந்து வந்தேன், அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வந்தார், இப்போ ஒருத்தர் மட்டும் திரும்பிப் போறார்னு.

— சனோபர்... ஸ்டூல் மேல மறுபடி ஏன் ஏறுறே? ஒரு மணி நேரமா அந்த ரொட்டிக்குத்தானே சண்டை போட்டே? நான்தான் தின்னுன்னு சொல்லிட்டேனே!

— அது என் கடிக்கு அப்பா. உங்க கடி இன்னும் வீட்டுக்கு வரலை. சாவியைத் தூக்கிப் போடுங்க. இது ஆணியிலயே தொங்கட்டும்.