ஏழாவது நாடு

உக்காருங்க மேடம், அந்த நாற்காலி ஒண்ணுதான் மிச்சம். மத்ததெல்லாம் போன வருஷமே லாரியில ஏத்திட்டாங்க. ஏதோ ஒரு நாட்டுல பசங்க நின்னுக்கிட்டே படிக்கிறாங்களாம், முதுகுக்கு நல்லதாம். நானும் நின்னுக்கிட்டேதான் டைப் அடிக்கிறேன். பழகிடுச்சு.

ஹெட்மாஸ்டரா? வருவாரு, ஒரு பத்து நிமிஷம். இன்னைக்கு அவரோட முறை, கக்கூஸ் கழுவிட்டு இருக்காரு. சிரிக்காதீங்க மேடம், சர்க்குலர் இருக்கு. ஒரு தீவு நாட்டுல பள்ளிக்கூடத்த அவங்கவங்களே சுத்தம் பண்ணிக்கிறாங்கன்னு பாத்துட்டு வந்தாங்க. இங்க பெருக்குற அக்காவுக்கு வேலை இல்லாமப் போச்சுல்ல, அதனால அவங்கள மதிப்பீட்டாளர் ஆக்கிட்டாங்க. கையில நோட்ட வெச்சுக்கிட்டு மார்க் போடுறாங்க. ஹெட்மாஸ்டருக்குப் போன மாசம் பத்துக்கு நாலு.

ஆமாமா, மொத்தம் ஏழு நாடு. நம்ம மாவட்டக் கல்வி ஆபீசர் தலைமையில ஒரு கமிட்டி போய்ப் பாத்துட்டு வந்துச்சு. எல்லாத்தையும் நம்ம ஸ்கூல்லதான் முதல்ல போட்டுப் பாத்தாங்க. ஒரு நாட்டுல வீட்டுப்பாடமே கிடையாது. இன்னொரு நாட்டுல தூங்குற வரைக்கும் வீட்டுப்பாடம். ரெண்டுமே முதலிடமாம். கமிட்டி என்ன பண்ணுச்சு, திங்கள் செவ்வாய் ஒண்ணும் கிடையாது, புதன்லேர்ந்து தூங்குற வரைக்கும்னு போட்டுடுச்சு. ஒரு அப்பா வந்து, சார், என் பையன் செவ்வாக்கிழமை சாயங்காலமே அழ ஆரம்பிச்சுடுறான்னாரு. அப்புறம் பனியிலயும் பசங்கள வெளிய விளையாட விடணும்னு ஒரு நாடு. இங்க எங்க மேடம் பனி கொட்டுது? இருந்தாலும் இருநூறு ஜோடி பூட்ஸ் வந்து எறங்குச்சு. வெயில்ல அதப் போட்டுக்கிட்டு ஓடுனாங்க பாவம்.

அதேதான், நீங்க கேக்க வந்தது. அது ஒண்ணுதான் உருப்பட்டுச்சு, ஏழாவது நாட்டு முறை. பெருசா ஒண்ணுமில்ல. கடைசிப் பீரியட்ல டீச்சர் ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் போய், இன்னைக்கு உனக்கு என்ன புரியலன்னு கேக்கணும். திட்டக் கூடாது. எழுதிக்கிட்டு, மறுநாள் அங்கேர்ந்து ஆரம்பிக்கணும். கணக்கு டீச்சர் முதல்ல எகிறுனாங்க, நாப்பது பிள்ளைங்க, நான் எப்பப் பாடம் நடத்துறதுன்னு. ஒரு வாரம் கேட்டுப் பாத்தாங்க. அப்புறம் இங்க வந்து, நாலு மாசமா நான் நடத்துனது முப்பத்தொரு பேருக்குப் புரியவே இல்ல சார், ஒருத்தரும் சொல்லலன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. இப்ப எல்லாரும் பாஸ்னு சொல்ல மாட்டேன். ஆனா புரியலன்னா கை தூக்குறாங்க.

தெரியும் மேடம், உங்க டிபார்ட்மெண்ட்ல இத எல்லா ஸ்கூலுக்கும் கொண்டு வரப் போறீங்க. அதுக்கு முன்னால நாப்பது அதிகாரிங்க அந்த நாட்டுக்கே நேர்ல போய்ப் பாக்கணும். ஆர்டர் பாத்தேன்.

ஓ. டிக்கெட் போடுறவங்களுக்கு அப்படி ஒரு நாடே எங்கயும் கிடைக்கலையா. சிட்டுவேனியா. இல்ல மேடம், பேரைத் தப்பா டைப் அடிக்கல, எழுத்தெல்லாம் சரிதான்.

அது வந்து, அந்த நாட்டுக்கு ஆபீசர் போகல. ஆறாவது நாட்டுலயே வயித்தால போய் ஓட்டல்ல படுத்துட்டாரு, கமிட்டியும் அவர் கூடவே இருந்துடுச்சு. திரும்பி வந்தா அவங்க டைப்பிஸ்ட் லீவு, அறிக்கை என்கிட்ட வந்துச்சு. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும், ஏழு நாடுன்னு அட்டையும் அச்சடிச்சாச்சு, ஏழாவதுக்கு நீயே ஏதாவது போட்டு முடிச்சுடுப்பான்னாரு. போட்டேன். போன வாரம் மீட்டிங்ல, அங்க குளிர் கொஞ்சம் ஜாஸ்தின்னு அவரே பேசுறாரு.

சிட்டு என் மக மேடம். அப்ப மூணாங்கிளாஸ், இப்பவும் இங்கதான் படிக்கிறா. ஒரு வருஷமா கிளாஸ்ல வாயே தொறக்கல. ஏம்மான்னு கேட்டேன். எனக்குப் புரியலப்பா, ஆனா புரிஞ்சுதான்னு யாருமே கேக்க மாட்டேங்குறாங்கன்னா. அதத்தான் ஏழாவது நாட்டு முறைன்னு டைப் அடிச்சேன்.

எழுதிக்குங்க, பரவால்ல. நேர்ல பாக்கணும்னா அவள வேணா கூப்பிடட்டுமா? பக்கத்து ரூம்தான்.